உன் அம்மா ஒரு தரம் சொன்ன பெயர்

ரவி, இதை எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரையும் இருத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதல்ல. எழுத்து கோணலாக இருக்கும், சில இடங்களில் கோட்டை விட்டு இறங்கியிருக்கும், பொறுத்துக்கொள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிறேன். காலையில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாலை மரத்தடியில் உட்கார்ந்தால், வெயில் காலடிக்கு வரும்வரை எழுதலாம். அறுபது கடந்த வயதில் எனக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஒரு சொல்லை எழுதி முடித்ததும் அதை நானே திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. நாளைக்குப் பார்த்தாலும் அதையே சொல்கிறது. நீ இதைச் சின்னப் பிள்ளையிலேயே பழகிவிட்டதால் உனக்கு இது அதிசயமாக இருக்காது. நான் சில நேரம் தனியே சிரித்துக்கொள்கிறேன். ஆனால் எழுத வந்த விஷயம் சிரிக்கிற விஷயம் அல்ல.

உன் கடிதம் வந்து பதினொரு நாள். வவுனியாவிலிருந்து கொண்டுவந்தவர், "வாசிச்சுக் காட்டவோ ஐயா?" என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் எடுத்து முழுவதையும் நானே வாசித்தேன். ஆவணியில் கல்யாணம், பெண் உன்னோடு அதே டியூட்டரியில் படிப்பிக்கிறவள் என்று வாசித்தபோது எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அதே வரியை வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் நீ இப்படி எழுதியிருந்தாய்: "அப்பா, பெண் வீட்டாருக்கு நம்முடைய பழைய கதை எதுவும் தெரியாது. கிளிநொச்சி வைத்திலிங்கத்தின் மகன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணக் கார்ட்டிலும் அப்படியே போடட்டுமா?" அந்த வரியை மட்டும் நான் பிழையாக வாசித்துவிட்டேனோ என்று பல தரம் பார்த்தேன். பிழை வாசித்ததில் இல்லை. அதை உனக்குப் பழக்கியவன் நான். உனக்குப் பதில் சொல்வதென்றால் முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

நம் ஆட்களுக்குள் கருப்பையா என்ற பெயர் எப்படி வந்தது என்று நீ என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. என் அப்பா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். நம் பூட்டன் ராமநாதபுரப் பக்கத்து ஆள். அங்கே ஊர் எல்லையில் அரிவாளோடு நின்று காவல் காக்கிற சாமி கருப்பர். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குக் கால்நடையாகத்தான் போனார்கள். போன வழி இந்த வன்னிக் காடுதான். காய்ச்சலில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்களாம். பூட்டன் தன் பெண்சாதியைத் தோளில் பிடித்துக்கொண்டு, "எல்லையில நிக்கிற அய்யா, இந்தக் காட்டத் தாண்டி விட்டுடு, எங்க வம்சத்துல தலமொறைக்கு ஒரு புள்ளைக்கு உன் பேர வக்கிறோம்" என்று வேண்டிக்கொண்டாராம். அவர் மட்டுமல்ல, அந்தக் கூட்டத்தில் பலர் அப்படி வேண்டியிருக்கிறார்கள். அதனால்தான் மலைநாட்டில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கருப்பையா இருப்பான். அந்தப் பெயருக்கு அர்த்தம் கருப்பு ஐயா என்பது மட்டுமல்ல. இவன் வீட்டார் காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் என்பதும்தான்.

நாங்கள் இருந்த லயத்தில், அந்த ஒரு வரிசை வீடுகளில் மட்டும் மூன்று கருப்பையா. கங்காணி காலையில் பெயர் கூப்பிடும்போது நெட்டைக் கருப்பையா, பாட்டுக் கருப்பையா, திக்குவாய்க் கருப்பையா என்று பிரித்துக் கூப்பிடுவார். நான் பாட்டுக் கருப்பையா. எனக்குப் பாட வராது, ஆனாலும் பாடுவேன் என்பதால் வந்த பெயர் அது. அங்கே அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனாலும் நீ பிறந்தபோது நான் உனக்கு அதை வைக்கவில்லை. ரவிச்சந்திரன் என்று நாகரிகமாக வைத்தேன். வேண்டுதலை முறித்தவன் அப்போதே நான்தான். எப்படியும் தகப்பன் பெயராக உன் பெயருக்கு முன்னால் நிற்கத்தானே போகிறது என்று உன் அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். அதையும் பிறகு எடுத்துவிட்டேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தோம். பூட்டன் எந்தக் காட்டைத் தாண்டினாரோ அதே காட்டுக்குத் திரும்பி வந்தோம். குடியேற்றத்தில் எல்லாரும் நம்மைப் போலவே வந்தவர்கள் என்பதால் பிரச்சினை இல்லை. வெளியே போனால்தான் தெரியும். இங்குள்ளவர்கள் வைரவருக்கு வடைமாலை போடுகிறார்கள். அவரும் சூலத்தோடு நிற்கிற காவல்காரர்தான். வைரவநாதன் என்று பெயர் சொன்னால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. கருப்பையா என்று சொன்னால் கடைக்காரர் அடுத்த கேள்வியாக, "எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். பல பேர் நல்ல மனதோடுதான் கேட்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு 'நீங்கள்' என்பது 'நீ' ஆகிவிடும். அதை நான் பத்துப் பன்னிரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு தையில் உன்னைக் கிளிநொச்சியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனது உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பதினாலு வயது. விறாந்தையில் நிற்கும்போது பின்னால் ஒருவர் இன்னொருவரிடம், "இந்த முறை தோட்டக்காட்டாற்ற பிள்ளையளும் வருதுகளாம்" என்றார். மெல்லத்தான் சொன்னார். உன் காதிலும் விழுந்தது, நீ சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உள்ளே போனதும் பள்ளிக்கூட அதிபர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தகப்பன்ர பேர்?"

நான் யாருடைய வயலில் வேலை செய்தேனோ, உன் அம்மா யாருடைய களத்தில் நெல் தூற்றினாளோ, அந்த முதலாளியின் பெயர் என் வாயில் வந்தது. "வைத்திலிங்கம்" என்றேன்.

"எவடம்?"

"பரந்தன் றோட்டுப் பக்கம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். நான் இருந்தேன். நீ நின்றாய். நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும், நான் உன்னைப் பார்க்கவில்லை. உனக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் உத்தேச வயதுப் பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. அதிலும் அந்தப் பெயரையே கொடுத்தேன். திரும்பி வரும்போது சைக்கிள் பாரில் இருந்துகொண்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "அப்பா, அம்மாட்டச் சொல்லட்டோ?" நான், "வேணாம்" என்றேன். அதற்குப் பிறகு நீயும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒளிக்கப் பழக்குவதற்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது.

உன் அம்மா மாரியாயி என் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்தில் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அவள் அதில் ஒரு படி மேலே. கருப்பரைக்கூட எல்லைச்சாமி என்பாள். கருப்பு ஆடு அவளுக்கு மை நிற ஆடு. நீ சின்னவனாக இருந்தபோது வேண்டுமென்றே, "அம்மா, அப்பா பேர் என்ன?" என்று கேட்பாய். அவள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் காட்டி, "இந்தாருக்காரு உங்கப்பா" என்பாள். நாம் மூன்று பேரும் சிரிப்போம். அப்படி வாயில் வைத்துக் காத்த பெயரைத்தான் நான் ஒரு கதிரைக்காகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளுக்கு விஷயம் கிணற்றடியில் தெரிந்தது. உன் பள்ளிக்கூட றிப்போட்டை யாரோ பார்த்திருக்கிறார்கள். "மாரியாயி, உன்ர மோன் வைத்திலிங்கத்தாற்ற மோனாமே. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிட்டாய்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். வந்து நின்று என்ன நடந்தது என்று சொன்னாள். பிறகு, "ஏங்க, அவங்க களத்துல நான் நெல்லுத்தானேங்க தூத்துனேன்" என்றாள். ரவி, இந்தச் சொல்லை எழுதிவிட்டு நேற்று நான் கொப்பியை மூடிவைத்துவிட்டேன். இன்றைக்குத்தான் தொடர்கிறேன். அவளுக்கு நான் சொன்ன பதில்: "பேசுறவளுக பேசட்டும். புள்ள படிக்கணும்." பிள்ளையின் படிப்பைச் சொன்னால் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

வைத்திலிங்கத்தாரும் கேள்விப்பட்டார். வரம்பில் என்னை மறித்து, "கருப்பையா, நான் உயிரோட இருக்கேக்கையே என்ர பேரை எடுத்திட்டாய் என்ன" என்றார். "கேட்டிருந்தா வேற நல்ல பேரா ஒண்டு சொல்லித் தந்திருப்பனே" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவர் வீட்டம்மா அதற்குப் பிறகு உன் அம்மாவை நெல் தூற்றக் கூப்பிடவில்லை. அந்தக் களத்துப் பக்கம் அவள் தலைகாட்டவில்லை. அடுத்த வருடம் அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் நம் வீட்டில் தங்கிவிட்டது.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடியபோது நம்மிடம் மிஞ்சிய கடதாசி உன் பள்ளிக்கூடப் பத்திரங்கள்தான். உடையார்கட்டில் நிவாரணக் கார்ட் பதிந்தவர்கள் அதைப் பார்த்து, குடும்பத் தலைவன் வைத்திலிங்கம் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வருடம் நீ வவுனியாவுக்குப் போய்விட்டாய். நான் கார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிவாரணம் கொடுக்கிற சங்கக் கடை வரிசையில் நிற்பேன். ஒரு நாள் கடைக்காரர், "கருப்பையா வாங்கோ" என்று கூப்பிட்டார். ஐந்து பேர் முன்னால் போனார்கள். ஒருவர் வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர், ஒருவர் மாங்குளத்தில் றோட்டு வேலை செய்தவர், மற்றவர்கள் நம் கிளிநொச்சிக் குடியேற்றங்களில் இருந்து வந்தவர்கள். கடைக்காரர் கையை விரித்து, "எல்லாரும் கருப்பையாவோ? அப்ப வரிசையைக் குழப்பாமல் தகப்பன் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார். "அவரும் கருப்பையாதானுங்க" என்றார் மாங்குளத்துக்காரர். வரிசை முழுக்கச் சிரித்தது. எவ்வளவு இடத்தில் இந்தப் பெயர் சிதறிக் கிடந்து, திரும்ப ஒரே வரிசையில் வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவதாகப் போக வேண்டியவன் நான். அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வைத்திலிங்கம் என்று கூப்பிட்டார்கள். "ஓம்" என்று போனேன்.

இனிச் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. அம்மா காய்ச்சலில் செத்தாள் என்று மட்டும் உனக்கு எழுதுவித்தேன். பாதை பூட்டியிருந்தது, உன்னால் வர முடியவில்லை. மலேரியா அவளை நான்காம் தரம் பிடித்திருந்தது. கிடுகுக் கொட்டிலில் நடந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மருந்து கொடுக்க வந்த பிள்ளை கார்ட்டைப் பார்த்து வாசித்தாள்.

"மாரியாயி. புருசன் வைத்திலிங்கம். சரிதானேயம்மா?"

உன் அம்மா கண்ணைத் திறந்தாள். "இல்லீங்க தாயி."

"கார்ட்டில அப்பிடித்தானே இருக்கு."

"கார்ட்டுல இருக்கட்டும். எம் புருஷன் பேரு கருப்பையா. அந்தா நிக்கிறாரு, கேட்டுக்கங்க."

முப்பது வருடத்தில் முதல் தரம், ரவி. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "உங்கட பேர் என்ன ஐயா?" என்று கேட்டாள். நான், "வைத்திலிங்கம்தான் பிள்ளை. அவ காய்ச்சல்ல பெனாத்துறா" என்றேன்.

கார்ட்டை வெட்டிவிடுவார்கள், மருந்து இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மீதி. உன் அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள். தண்ணீர் கேட்டாள், உன்னைக் கேட்டாள். என்னோடு கோபமாக ஒன்றும் பேசவில்லை.

அவள் போன பிறகுதான் எனக்கு எழுத்துப் படிக்க வேண்டும் என்று வந்தது. அந்தக் கார்ட்டில் என்னதான் இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பக்கத்துக் கொட்டிலில் திரேசம்மா என்று ஒரு அம்மா இருக்கிறா. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்தவ, வலை பின்னுகிறவ, முந்திக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவ. அவாவிடம் போய், "என் பேர எழுதிக் காட்டுங்க, அதுல இருந்து தொடங்குறேன்" என்றேன். அவா நிலத்தில் குச்சியால் எழுதத் தொடங்கினா. "என்ன எழுதுறீங்க?" என்று கேட்டேன். "வைத்திலிங்கம்" என்றா. "அது இல்லீங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவா குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைக் கூப்பிட்டனான்?" என்றா.

பிறகு சொன்னா: "எங்கட அவரின்ர வீட்டுப் பேர் பெர்னாண்டோ. முல்லைத்தீவில இருந்து நீர்கொழும்பு மட்டும் கரை வழிய போய்க் கேளுங்கோ, வீட்டுக்கு வீடு பெர்னாண்டோ. சிங்கள ஆக்களிலயும் இருக்கினம். ஆரோ ஒரு பறங்கிப் பாதிரியார் தண்ணி தெளிச்சுத் தந்திட்டுக் கப்பல் ஏறிப் போன பேர். அதுக்கு நாங்கள் ஒருத்தரும் வெக்கப்படேல்லை. உங்கட பேரை உங்கட ஆக்கள் உயிர் தப்பினதுக்கு வைச்சிருக்கினம். அதுக்குப் போய் வெக்கப்பட்டனீங்களோ?" நிலத்தில் எழுதியதை அழித்துவிட்டு என் பெயரை எழுதிக் காட்டினா. நான்கு நாளில் அதை எழுதப் பழகிவிட்டேன். முதல் தரம் சரியாக வந்தபோது அதை மிதித்துவிடாமல் சுற்றிப் போய்ப் போய் மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை வாசித்து முடித்த மறுநாள், வவுனியாவுக்கு வர அனுமதிப் பாஸ் கேட்கக் கந்தோருக்குப் போனேன். கார்ட்டில் பெயரைத் திருத்த வேண்டும், பாஸையும் அந்தப் பெயரில் தர வேண்டும் என்றேன். அங்கே இருந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கலியாணம் உங்களுக்கோ, மகனுக்கோ ஐயா?"

"மகனுக்குத் தம்பி."

"அப்ப நீங்கள் ஏன் புதுப் பேரோட நிக்கிறியள்?"

"புதுசு இல்லத் தம்பி. அதுதான் பழசு."

சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றான். கூட்டிக்கொண்டு போனேன். சங்கக் கடை வரிசையில் பார்த்தவர்களில் இரண்டு பேர், நானும் வருகிறேன் என்று இன்னும் ஒருவர். பெயரைக் கேட்டான். கருப்பையா, கருப்பையா, கருப்பையா. பேனையை வைத்துவிட்டுச் சிரித்தான். "நாலு பேரும் ஆளை ஆள் மாத்தி விளையாடுறியளோ?" என்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான். வைத்திலிங்கம் என்றால் வருகிற கிழமையே பாஸ். பெயரைத் திருத்துவது என்றால் விசாரித்து முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, ஆவணிக்குள் வராமலும் போகலாம். "ஒரு கிழமைக்குப் பழையபடி இருந்திட்டு, கலியாணத்துக்குப் போய் வந்து மாத்துங்கோவன்" என்று என் நன்மைக்குத்தான் சொன்னான். நான் கருப்பையா என்றே எழுதச் சொன்னேன். கைநாட்டு வைக்க மைப் பெட்டியை நீட்டினான். பேனையைத் தா தம்பி என்று வாங்கி ஒப்பம் வைத்தேன்.

அதனால் நான் உன் கல்யாணத்துக்கு வராமல் போகலாம், ரவி. வர ஆசை எவ்வளவு என்று எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. ஆனால் வைத்திலிங்கமாக வந்து உன் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. அப்படி நின்றால் உன் அம்மாவை இன்னொரு தரம் பெனாத்துகிறாள் என்று சொன்னதாகிவிடும்.

கல்யாணக் கார்ட்டைப் பற்றிக் கேட்டாய். முதலில் அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொல். பிறகு அவள் தகப்பனிடம் சொல். கார்ட் அடிப்பதற்கு முன்னாலேயே சொல். அவர்கள் முகம் மாறலாம். மாறினால் பொறுமையாக இரு, ஆனால் சொன்னதை மாற்றாதே. பிழை செய்தது தகப்பன், நான் அப்போது பதினாலு வயதுப் பிள்ளை என்று சொல். அது உண்மை. உன் பத்திரங்களில் உள்ள பெயரை உன்னால் இப்போது மாற்ற முடியாது என்றால் அது இருக்கட்டும், நான் குறை சொல்லமாட்டேன். என் பெயரைக் கார்ட்டில் போட உனக்குச் சங்கடமாக இருந்தால் அதையும் விட்டுவிடு. ஆனால் காலஞ்சென்ற மாரியாயி என்று போடுகிற இடத்தில், அவள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் பெயரைப் போடாதே. மாரியாயியின் மகன் என்று மட்டும் போடு. அது போதும்.

எனக்கு ஒரு கார்ட் அனுப்பு. யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். உன் அம்மா சொன்னதுதான் சரி.

கருப்பையா